ஏழு கிலோ துறவு

எங்கே போவதானாலும், கிளம்பும் நாளன்று கராஜில் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து, வருகிறவர்கள் அத்தனை பேரின் பைகளையும் அதன்மேல் வரிசையாக நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்பது பிரதீப்குமாரின் வழக்கம். விமானம் ஏறுவதென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிட்னிக்குப் பக்கத்து நீலமலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதற்கும் அவர் எடைபோட்டார். அதற்கென்றே ஒரு தொங்குதராசு வைத்திருந்தார். பையின் பிடியில் அதன் கொக்கியை மாட்டித் தூக்கினால் சின்னத் திரையில் எடை ஒளிரும். ஊருக்குப் போய்வரும் நம்மவர் வீடுகளில் அப்படி ஒன்று ஏதாவதோர் இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருக்கும். சிட்னிப் புறநகரான கெல்லிவில்லில் பிரதீப்குமார் வீட்டில் அது உறங்கவில்லை, ஆட்சி செய்தது.

அந்த ஆட்சி தொடங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சிட்னி விமான நிலையத்தில், நீண்ட வரிசை பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெட்டியைத் திறந்து தரையில் மண்டியிட்டு, அதிலிருந்த சட்டைகளில் மூன்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொள்ள நேர்ந்தது. வரிசையில் அவருடைய அலுவலக மேலாளரும் நின்றிருந்தார். அவமானத்திலிருந்து சிலர் பணிவு கற்கிறார்கள். பிரதீப்குமார் எடைபோடக் கற்றார்.

பிறகு அவர் காணொளிகள் பார்க்கத் தொடங்கினார். பல்துலக்கியின் கைப்பிடியைக் கூடப் பாதியாக அறுத்து எறிந்துவிட்டு மலையேறும் மெலிந்த மனிதர்கள் அவற்றில் வந்து, தேவை என்பது வெறும் மயக்கம் என்று மூச்சு வாங்காமல் சொன்னார்கள். அது அவருக்கு வேதவாக்காயிற்று. 'குறைசுமைக் குழு' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, அதன் தலைவராகத் தம்மையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் சோபாவை விட்டு எழுந்தறியாதவர்கள். ஆகவே சுமை குறைப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆளுக்கு ஏழு கிலோ என்பது குழுவின் சட்டம். துணியைச் சுருட்டினால் தலையணை. பூமியே நாற்காலி.

இதில் ஒன்றைத்தான் அவர் கவனிக்கத் தவறினார். காணொளி மனிதர்கள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு நாள்கணக்காக நடந்தார்கள். பிரதீப்குமார் போகும் முகாம்களுக்கு அவருடைய ஏழு இருக்கைக் கார் போகும். சுமப்பது கார், தோள் வலித்தது இவருக்கு.

அந்த ஈஸ்டர் விடுமுறைக்குத் தென்கடற்கரையில் ஒரு தேசியப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்க ஏற்பாடாகியிருந்தது. மகள் தேஜஸ்வினி, "குட் லக், அப்பா" என்ற இரண்டு சொற்களோடு ஒதுங்கிக்கொண்டாள். அவர் மனைவி சந்திரகலா உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவர். கலக்கக் கூடாதவற்றைக் கலந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அவர் வந்தார். அவர்களோடு முதன்முறையாக நித்தியானந்தனும் யோகராணியும் வந்தார்கள். மகள்கள் ஒன்றாகப் படித்ததால் வந்த நட்பு. யாழ்ப்பாணத்துக்காரர்களான அவர்கள் வென்ட்வொர்த்வில்லில் இருந்தார்கள். நித்தியானந்தன் ரயில்வேயில் மின்பொறியாளர். யோகராணி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். மருத்துவரின் கிறுக்கலைப் பார்த்துச் சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்துத் தருவது அவர் வேலை.

காலையில் கராஜில் தார்ப்பாய் விரிந்தது.

"ஆளுக்கு ஏழு கிலோ அண்ணா. அதுக்கு மேல கிடையாது," என்றார் பிரதீப்குமார்.

"ஏன் தம்பி, பிளேனிலயோ போறம்?" என்று கேட்டார் நித்தியானந்தன்.

"கார்லதான். ஆனா இது ஒரு டிசிப்ளின்."

"ஓம், ஓம். கார் பாவம்தான்."

தராசு தூக்கியது, நீதி வழங்கப்பட்டது. யோகராணியின் பையிலிருந்து இரண்டு தலையணைகள் வெளியேறிச் சலவை இயந்திரத்தின்மேல் போய் உட்கார்ந்தன. காலையில் மல்லித் தண்ணீர் குடிப்பதற்காக அவர் எடுத்துவந்த பிளாஸ்க், மேல்தட்டுக்குப் போனது. நித்தியானந்தனின் சுடுநீர்ப் பை சைக்கிளின் கைப்பிடியில் தொங்கியது. மெத்தென்ற வீட்டுச் செருப்புகள் ஏணிக்கடியில் தஞ்சம் புகுந்தன. சந்திரகலாவின் காபி ஃபில்டரைக் கூடப் பிரதீப்குமார் விடவில்லை. உறவுக்கும் ஒரே சட்டம் என்று காட்டுவதற்காக அதைப் பெயிண்ட் வாளிகளுக்கு நடுவே வைத்தார். அவர் அதை எங்கே வைக்கிறார் என்று சந்திரகலா பார்த்துவைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு கறுப்புப் பை மட்டும் தராசின் முகத்தில் விழிக்காமலே காரேறி, ஓட்டுநர் இருக்கைக்கடியில் பதுங்கியது. "முதலுதவி," என்றார் பிரதீப்குமார்.

மற்ற இருவரும் காபிக்காக உள்ளே போன பிறகு, கடைசியில் வந்தது நாற்காலி. முகாம்களில் எல்லோரும் வைத்திருக்கும் மடக்கு நாற்காலிதான். பச்சைக் கித்தான், கையில் கோப்பை வைக்க ஒரு வளையம்.

"அக்கா, இது வேணாமே. அங்க உக்கார எவ்வளவோ இடம் இருக்கு."

"இல்லைத் தம்பி," என்றார் யோகராணி. "தலையணையை விட்டன், பிளாஸ்க்கை விட்டன். இவருக்கு முழங்கால் மாத்தி இன்னும் ஒரு வருசமாகேல்லை. நிலத்தில இருந்தா எழும்பேலாது. கதிரை வரும்."

சொன்னதோடு நில்லாமல், நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் கூடாரப் பைக்குப் பின்னால் செருகினார்.

"சரிக்கா," என்றார் பிரதீப்குமார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யோகராணியும் காபி குடிக்க உள்ளே போனார். பிரதீப்குமார் மட்டும் டிக்கியைப் படமெடுக்க நின்றார். 'நாற்காலி இல்லாத முகாம்' என்று குழுவுக்கு முந்தைய நாளே அறிவித்திருந்தார். படத்தின் ஓரத்தில் நாற்காலியின் ஒரு கால், வகுப்பில் பதில் தெரிந்த மாணவனைப் போல நீட்டிக்கொண்டு நின்றது. படத்துக்காகத்தான் அவர் அதை வெளியே எடுத்தார். எடுத்த பிறகு திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால், நாற்காலி இல்லாத டிக்கி அவ்வளவு அழகாக இருந்தது. அங்கே மரக்கட்டைகள் கிடக்கும், அண்ணா அதில் உட்கார்ந்துகொள்வார் என்று அவருக்குள் ஒரு குரல் சமாதானம் சொன்னது. நாற்காலி புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் போயிற்று. டிக்கி மூடிற்று.

*

முகாமில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் மேசை, பெஞ்சு, வெந்நீர்க் குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. மற்றதில் மரங்கள் உண்டு. பிரதீப்குமார் மரங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். காரைக் கீழே நிறுத்திவிட்டுக் கொஞ்சதூரம் நடந்து ஏற வேண்டிய இடம். அவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு மண்வெட்டியைக் கொடுத்து, குத்துக்காலிட்டு அமர்வது நம் முன்னோர் கண்ட யோகம் என்று விளக்கினார். பெண்கள் இருவரும் மண்வெட்டியை வாங்கி ஒரு மரத்தடியில் சாய்த்துவிட்டு, பக்கத்துப் பகுதிக் கழிவறை எவ்வளவு தூரம் என்று விசாரிக்கப் போனார்கள்.

நித்தியானந்தன் கூடாரத்தை நோட்டம் விட்டார். "முகாம் எண்டா எனக்குப் புதுசில்லைத் தம்பி. அந்தக் காலத்தில கூடாரத்துக்குள்ள இருந்துகொண்டு எப்ப வெளியால விடுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். இப்ப நீங்கள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளுக்க விடுறியள்."

பிரதீப்குமார் பெரிதாகச் சிரித்தார். நித்தியானந்தனும் சிரித்தார், கொஞ்சம் குறைவாக.

திரும்பி வந்த யோகராணி சாமான்களைப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். காருக்கு இறங்கிப் போய் டிக்கியைத் துழாவிவிட்டு ஏறி வந்தார்.

"தம்பி, கதிரை எங்க?"

உண்மையைச் சொல்ல அதைவிட வசதியான நேரம் வாய்த்திருக்காது. ஒரு நிமிட அசடு, ஒரு சிரிப்பு, முடிந்திருக்கும். ஆனால் பிரதீப்குமார் வாயிலிருந்து வந்தது இது:

"ஏத்துனீங்களாக்கா? வீட்லயே விட்டிருப்பீங்களோ?"

பொய் சொல்வதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. இதுவும் பொய்யன்று, கேள்வி. கேள்விக்கு எடை கிடையாது.

"நான்தான் வச்சனான். கூடாரப் பைக்குப் பின்னால."

"அவசரத்துல வெச்ச மாதிரி தோணும்க்கா. எனக்கும் அப்பிடி ஆகும்."

யோகராணி தம் கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வை பிரதீப்குமாருக்குப் பிடிக்கவில்லை. அவர் கூடாரத்தின் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்.

"விடும் ராணி," என்று நித்தியானந்தன் மனைவியின் தோளைத் தொட்டார். "மறந்திட்டீர் போல. அதாலென்ன."

மிக அன்பாகத்தான் சொன்னார். யோகராணி குனிந்து, காலிக் கூடாரப் பையை இன்னொருமுறை தூக்கிப் பார்த்தார்.

பிரதீப்குமார் எதிர்பார்த்தபடியே ஒரு மரக்கட்டை கிடந்தது. அது கணுக்கால் உயரம் இருந்தது. நித்தியானந்தன் அதில் இறங்கி உட்கார்ந்ததும், எழுப்ப இருவர் வேண்டியிருந்தது; முகம் வெளிறிவிட்டது. அதன்பின் அவர், "நிண்டு சாப்பிட்டாச் செமிக்கும்," என்று சொல்லிக்கொண்டு, மரத்தில் சாய்ந்து நின்றே சாப்பிட்டார். கால் கடுத்தபோது கீழே இறங்கிப் போய்க் காருக்குள் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்தார்.

மாலையில் நெருப்பு மூட்டினார்கள். மூவர் தரையில், ஒருவர் நின்றபடி. நின்றவர்தான் கதை சொன்னார்.

"ஒரு நத்தையும் ஆமையும் ஆத்தங்கரைக்குப் பயணம் வெளிக்கிட்டினம். ஆமை சொல்லிச்சுதாம், 'ஏன் இந்த ஓட்டைக் காவிக்கொண்டு திரியிறாய்? இறக்கி வை. எவ்வளவு சுகமா இருக்குமெண்டு பார்.' நத்தையும் பெரியவர் சொல்லுறார் எண்டு கழட்டி வச்சிட்டுது. பாதி வழியில ஆலங்கட்டி மழை. ஆமை தலையை உள்ளுக்க இழுத்திட்டுது. நத்தை வெளியால நிண்டு, 'அண்ணை, நீங்களும் ஓடு வச்சிருக்கிறியளே' எண்டு கேட்டுதாம். ஆமை உள்ளுக்க இருந்து சொல்லிச்சுதாம், 'மடையா, இது சுமையில்லை, என்ர முதுகு.'"

சந்திரகலா வாய்விட்டுச் சிரித்தார். நித்தியானந்தன் தம் தலையணையை நினைத்துத்தான் சொன்னார். வேறொன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் பிரதீப்குமார் கீழே கார் நின்ற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, தேவையில்லாமல் இன்னொரு விறகை நெருப்பில் வைத்தார்.

*

விடியற்காலையில், இயற்கையோடு தனித்திருக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிரதீப்குமார் கறுப்புப் பையோடு புதர்களுக்குள் நடந்தார்.

பையில் இருந்தது முதலுதவிதான். அவருக்கு மட்டுமான முதலுதவி. மடக்கிவைக்கக்கூடிய ஒரு கழிப்பிருக்கை, மூடி போட்ட ஒரு மக், ஊதினால் பெருக்கும் பட்டுப்போன்ற தலையணை ஒன்று. குத்துக்காலிட்டு அமரும் யோகம் முன்னோருக்கு வாய்த்தது; அவருக்கு வாய்க்கவில்லை. முகாமின் அந்தப் பகுதியில் உட்கார்ந்து எழத்தக்க ஒரே ஆசனம் அவரிடம்தான் இருந்தது. அதில் அமர்ந்து, விடியும் வானத்தைப் பார்த்து, எளிமையின் இன்பத்தைப் பற்றி அவர் சிந்தித்தார்.

திரும்பும் வழியில் நீர்த்தொட்டி மேடு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. டிக்கிப் படத்துக்கு வந்திருந்த கைதட்டல்களைப் பார்க்கலாம் என்று ஏறியவர், புதருக்கு மறுபுறம் பேச்சுக்குரல் கேட்டு நின்றார். சந்திரகலாவும் யோகராணியும் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கலா, ஒண்டு கேக்கிறன். சிரிக்கக் கூடாது. நேற்று நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனதை நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் அப்போ காபி போட உள்ள போயிட்டேன்க்கா. ஏன்?"

"எனக்குக் கையில அந்தப் பாரம் இன்னும் இருக்கு. டிக்கிக்குள்ள தள்ளேக்க கால் ஒண்டு தடக்கினது. அதைத் திருப்பி வச்சனான். எல்லாம் அப்பிடியே கண்ணுக்குள்ள நிக்குது. ஆனாக் கதிரை இல்லை." குழாய்ச் சத்தம் நின்றது. "அம்மாக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. அடுப்பை நிப்பாட்டினனான் எண்டு சத்தியம் பண்ணுவா. போய்ப் பாத்தா அடுப்பு எரிஞ்சுகொண்டிருக்கும்."

"அக்கா, ஒரு நாற்காலிக்குப் போய்..."

"கதிரைக்கில்லைக் கலா. லீவு முடியப் பார்மசியில சொல்லப்போறன், என்னை இனி மருந்து எடுத்துக் குடுக்கிற இடத்தில விடாதேங்கோ எண்டு. ஒரு பிள்ளைக்குப் பெரியாளின்ர மருந்தைக் குடுத்திட்டு, சரியாத்தான் குடுத்தனான் எண்டு நான் சத்தியம் பண்ணிக்கொண்டு நிண்டா என்ன செய்யிறது? நான் படிச்சு வந்தது, இஞ்ச வந்து திரும்பச் சோதினை எழுதி எடுத்தது, எல்லாம் சரி. தன்னையே நம்பேலாமப் போனா விட்டிடோணும்."

புதருக்குப் பின்னால் நின்ற பிரதீப்குமாருக்குக் கறுப்புப் பை திடீரென்று கனத்தது. தராசு அதற்கு இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியிராது.

நல்ல மனிதனுக்கு அந்த இடத்தில் ஒரே வழிதான் இருந்தது. பிரதீப்குமார் ஓரளவு நல்ல மனிதர். ஆகவே வேறு வழிகளையும் யோசித்துப் பார்த்தார். திரும்பிப் போய் நாற்காலியைத் 'தற்செயலாக'க் கண்டுபிடித்ததாகச் சொல்லலாமா? கண்டுபிடித்தால், அது வீட்டில் இருந்தது என்றாகும். யோகராணி மறந்தது உறுதியாகிவிடும். வழியில் டிக்கி திறந்து விழுந்திருக்கும் என்று சொல்லலாமா? டிக்கி திறந்தால் கார் கத்தும். பொறியாளரிடம் அது எடுபடாது. ஒவ்வொரு பொய்யாகத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் அளவுக்கு மேல் இருந்தது.

அவர் கூடாரத்துக்குத் திரும்பி, பையை ஒளித்துவைத்தார்.

காலைச் சாப்பாடு ரொட்டியும் ஜாமும். நித்தியானந்தன் வழக்கம்போல் மரத்தில் சாய்ந்து நின்றார். மனைவியைத் தேற்றுவதற்காக அவர் ஒரு விளையாட்டு ஆரம்பித்திருந்தார். தேர்வு நடத்துபவரைப் போலக் கேள்விகள் கேட்டார்.

"கொழும்பில நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரியின்ர பேர்?"

"விமலாதேவி," என்றார் யோகராணி.

"அவவின்ர நாயின்ர பேர்?"

யோகராணி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். யார்தான் ஒரு நாயின் பெயரை அத்தனை ஆண்டு நினைவில் வைத்திருப்பார்கள்? அவர் விளையாட்டாக யோசிக்கவில்லை. நெற்றி சுருங்கிற்று, உதடு ஏதேதோ பெயர்களை ஓசையின்றிச் சொல்லிப் பார்த்தது. ஜாம் வழிந்து விரலில் இறங்கியதும் அவருக்குத் தெரியவில்லை.

"அது... இருங்கோ, சொல்லிவிடாதேங்கோ. எனக்கு வரும்."

"சரி சரி, விடும். எனக்கே தெரியாது," என்றார் நித்தியானந்தன். அவர் குரலில் முதன்முறையாகப் பயம் இருந்தது.

"அக்கா," என்றார் பிரதீப்குமார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நாற்காலிய நீங்க ஏத்துனீங்க. கூடாரப் பைக்குப் பின்னாலதான் வெச்சீங்க. நான்தான் வெளிய எடுத்தேன்."

உச்சிக்கிளையில் ஒரு குக்கபரா சிரிக்கத் தொடங்கியது. அந்தப் பறவை சிரிப்பதற்குக் காரணம் தேடுவதில்லை. ஆனால் அன்று ஒன்று கிடைத்திருந்தது.

"திரும்பச் சொல்லுங்கோ," என்றார் யோகராணி.

சொன்னார்.

"சத்தமாச் சொல்லுங்கோ. இவருக்கும் கேக்கட்டும்."

மூன்றாம் முறையும் சொன்னார். வகுப்பில் எழுந்து நின்று சொல்வதைப் போலிருந்தது. யோகராணி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, குளிர்ச்சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு நேரம் கழிந்தது. கையை எடுத்தபோது இரண்டுமாக இருந்தது.

"ஏன் தம்பி?"

"படத்துல... கால் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"படத்துல," என்றார் சந்திரகலா. அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது.

நித்தியானந்தன் மரத்தை விட்டு விலகி மனைவியிடம் வந்தார். "அவரை விடும். நான் எல்லோ உம்மை நம்பியிருக்கோணும்."

"உங்களோட பிறகு கதைக்கிறன்," என்றார் யோகராணி. பிறகு பிரதீப்குமாரிடம், "நேற்று நான் கேக்கேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, தலையில ஒரு குட்டுப் போட்டிட்டு விட்டிருப்பன். ஒரு இரவு முழுக்க நான் என்ர அம்மாவாக் கிடந்தனான். அது உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குதுக்கா." அவர் தலை குனிந்தே இருந்தது. "தப்புதான். மன்னிச்சிருங்க."

"ஏங்க," என்றார் சந்திரகலா, கணவரைப் பார்த்து. "அந்த முதலுதவிப் பையையும் கொண்டு வாங்க."

பிரதீப்குமார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் போன ஈஸ்டர்லயே தெரியும். கொண்டு வாங்க."

பை வந்தது, திறந்தது. முதலில் மக் உருண்டு விழுந்தது. பிறகு அந்த ஆசனம் நால்வர் நடுவே தன் கால்களை விரித்து நின்றது. நித்தியானந்தன் அதைச் சுற்றிவந்து, பொறியாளருக்குரிய அக்கறையோடு குனிந்து ஆராய்ந்தார்.

"தம்பி, நடுவில ஓட்டை கிடக்கு."

சந்திரகலா விறகுக் குவியலிலிருந்து ஒரு பலகையை எடுத்துக் குறுக்கே வைத்தார். பிரதீப்குமார் தம் ஸ்லீப்பிங் பேக்கை மடித்து அதன்மேல் போட்டார். தம் பட்டுத் தலையணையை ஊதி முதுகுக்குக் கொடுத்தார். நித்தியானந்தன் மெல்ல இறங்கி அமர்ந்தார். வந்ததிலிருந்து முதன்முறையாக, மற்றவர்களோடு, நெருப்பிருந்த இடத்தருகே.

"ஆமையின்ர முதுகு நல்ல சொகுசாத்தான் இருக்கு," என்றார்.

"நான் டவுனுக்குப் போய் ஒரு புது நாற்காலி வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் பிரதீப்குமார்.

"புதுசு வேண்டாம்," என்றார் யோகராணி. "நான் ஏத்தின கதிரை வேணும். அதை நான் கண்ணால பாக்கோணும்."

கெல்லிவில் கிட்டத்தட்ட அரைநாள் தூரம். திரும்பி வர மீதி நாள். பிரதீப்குமார் கார்ச்சாவியை எடுத்தார்.

"நில்லுங்கோ. போறது போறியள், மிச்சத்தையும் கொண்டு வாங்கோ. தலையணை வோஷிங் மெஷினுக்கு மேல. பிளாஸ்க் மேல்தட்டில, வலப்பக்க மூலை. இவற்ர சுடுதண்ணிப் பை சைக்கிளில தொங்குது. செருப்பு ஏணிக்குக் கீழ, ஒண்டு கவிண்டு கிடக்கும். கலாவின்ர கோப்பி பில்டர் பெயின்ற் வாளியளுக்கு நடுவில."

பிரதீப்குமார் குறித்துக்கொள்ளத் தொலைபேசியை எடுத்தார்.

"எழுதாதேங்கோ தம்பி," என்றார் யோகராணி. "ஞாபகம் வச்சிருங்கோ."

*

வழியெல்லாம் அவர் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கராஜில் நீலத் தார்ப்பாய் அப்படியே விரிந்து கிடந்தது, அதன்மேல் தராசு. அவர் அதைத் தாண்டிப் போனார். தலையணைகள், பிளாஸ்க், சுடுநீர்ப் பை, செருப்புகள். ஒரு செருப்பு கவிழ்ந்துதான் கிடந்தது. புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து நாற்காலியை எடுத்துத் தூசி தட்டினார். இன்னொன்று இருந்தது. என்ன அது? இழுப்பறைகளைத் திறந்தார், அலமாரியைக் குடைந்தார். தம் நெற்றி சுருங்கியிருப்பதையும், உதடு அசைவதையும் கராஜின் கண்ணாடியில் பார்த்தார். அந்த முகத்தை அவர் காலையில்தான் வேறொருவரிடம் பார்த்திருந்தார்.

சந்திரகலாவை அழைத்தார். நல்லவேளை, பெண்கள் இருவரும் நீர்த்தொட்டி மேட்டில் இருந்தார்கள்.

"அக்காகிட்ட குடு. அக்கா, எல்லாம் எடுத்துட்டேன். கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அது மட்டும்..."

"கோப்பி பில்டர். பெயின்ற் வாளியளுக்கு நடுவில," என்று அவர் முடிக்கும் முன்பே பதில் வந்தது. "உங்கட மனிசியின்ர சாமானைத்தான் மறந்தனீங்கள்."

பின்னணியில் சந்திரகலா, "ஆமா, ஆச்சரியமே இல்ல," என்பது கேட்டது.

"அக்கா, பார்மசியில ஒண்ணும் சொல்லமாட்டீங்கல்ல?"

"சொல்லுவன். உங்கட பேரில மருந்துச் சீட்டு வந்தா என்னட்டையே தரச் சொல்லி. நான் பாத்துக் குடுக்கிறன்." அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.

பிரதீப்குமார் ஃபில்டரை எடுத்துத் துடைத்தார். டிக்கியில் இடம் நிறைய இருந்தது; ஆனாலும் நாற்காலியை அவர் அங்கே வைக்கவில்லை. முன்னிருக்கையில், தம் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு படமெடுத்துக் குறைசுமைக் குழுவுக்கு அனுப்பினார். கீழே இரண்டு வரி எழுதினார்: 'இது யோகராணி அக்கா ஏத்துன நாற்காலி. நேத்து அனுப்புன படத்துக்காக நான் இதை எடுத்து ஒளிச்சு வெச்சேன், அக்கா மறந்துட்டாங்கன்னு சொன்னேன்.' கைதட்டல் வருகிறதா என்று பார்க்காமல் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காரைக் கிளப்பினார். பக்கத்து இருக்கையில் யாரோ பெல்ட் போடாமல் இருப்பதாகக் கார் மணியடித்தது. அவர் பெல்ட்டை இழுத்து, நாற்காலிக்கு மாட்டிவிட்டு, தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.